'ன்னு', 'ங்கற', 'வராத பஸ்': இங்கிலீஷில் வாக்கியத்துக்குள் வாக்கியம் வைத்துப் பழகுவது

"நேத்து வந்த லோடு என்ன வெலைக்குப் போச்சுன்னு ஓனரு கேட்டாருங்க."

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. காதில் போனை வைத்துக்கொண்டு, மறுகையில் டீ கிளாஸோடு சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் மூன்று பாடமாகப் பிரித்து வைத்து மிரட்டும் சங்கதி மூன்றும் இந்த ஒரே வரிக்குள் இருக்கிறது. 'நேத்து வந்த' என்பது ரிலேட்டிவ் கிளாஸ். 'என்ன வெலைக்குப் போச்சு' என்பது நவுன் கிளாஸ். 'ன்னு கேட்டாரு' என்பது ரிப்போர்ட்டட் ஸ்பீச். (இந்தக் கிளாஸ் டீ கிளாஸும் இல்லை, பள்ளிக்கூட வகுப்பும் இல்லை. வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கும் குட்டி வாக்கியம். இனி அப்படியே சொல்கிறேன்.)

வாக்கியத்துக்குள் வாக்கியம் வைக்கும் வித்தை நமக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது முடிச்சு எங்கே விழ வேண்டும் என்பதுதான். தமிழில் முடிச்சு கடைசியில் விழும். வந்த, போச்சுன்னு, வருவானான்னு என்று குட்டி வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கட்டுவோம். இங்கிலீஷில் வாயைத் திறக்கும்போதே கட்ட வேண்டும்: ஹூ, தட், இஃப், வேர். மற்ற தப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளைத்தவை. அதனால் பயிற்சியையும் இங்கிலீஷ் சூத்திரத்திலிருந்து தொடங்காமல், நம் வாயில் வரும் தமிழ் வாக்கியத்திலிருந்து தொடங்கச் சொல்வேன்.

இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் மேயாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வராத பஸ்

முதல் மூன்று நாளுக்கு முழு வாக்கியமே வேண்டாம். பெயரெச்சம் வரும் துண்டுகளை மட்டும் பத்து எழுதிக்கொள்ளுங்கள். அவினாசி போற பஸ். காங்கேயத்துல வாங்கின காளை. ஊத்துக்குளியில இருந்து வந்த வெண்ணெய். ஒவ்வொன்றிலும் கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து இங்கிலீஷில் தொடங்குங்கள். தி பஸ் தட் கோஸ் டு அவினாசி. தி புல் வி பாட் இன் காங்கேயம். தி பட்டர் தட் கேம் ஃப்ரம் ஊத்துக்குளி. பத்துத் துண்டையும் மூன்று முறை சொல்ல ஐந்து நிமிடம் போதும். விரல் வைப்பது சின்னப் பிள்ளை விளையாட்டுப் போலத் தெரியலாம். ஆனால் பெயரை முதலில் பிடிக்க நாக்குக்குப் பழக்குவது அதுதான்.

துண்டு சரளமாக வந்தபின் முழு வாக்கியத்துக்குப் போனால் நான்கு இடத்தில் கால் இடறும்.

ஒன்று, வாக்கியத்தின் சொந்த வினை காணாமல் போவது. "அங்க நிக்கற பையன் எங்க மாமன் பையன்" என்பதை "தி பாய் ஹூ இஸ் ஸ்டேண்டிங் தேர் மை கசின்" என்பார்கள். தமிழில் 'பையன், மாமன் பையன்' என்று இரண்டு பெயரைப் பக்கத்தில் வைத்தாலே வாக்கியம் முடிந்துவிடும். இங்கிலீஷில் முடியாது. உள்ளே ஒரு 'இஸ்' சொன்னதால் வெளியே சொன்னதாக மனசு கணக்கு வைத்துக்கொள்கிறது. குட்டி வாக்கியத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். "தி பாய்... மை கசின்" என்று மிஞ்சினால் இன்னொரு 'இஸ்' வேண்டும்.

இரண்டு, 'இன்', 'வித்', 'டு' உதிர்ந்து போவது. என்னைக் கேட்டால் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தமிழ்ப் பெயரெச்சம் ரொம்பத் தாராளமானது. 'நான் வெட்டின மரம்', 'நான் வெட்டின அருவா', 'நான் வெட்டின எடம்' மூன்றிலும் 'வெட்டின' ஒன்றேதான். மரத்தை வெட்டினேன், அருவாளால் வெட்டினேன், இடத்தில் வெட்டினேன் என்ற வேற்றுமை உருபெல்லாம் கரைந்துவிடும், கேட்பவர் தாமே புரிந்துகொள்வார். இங்கிலீஷ் அப்படி விட்டுக்கொடுக்காது. 'நான் குடியிருக்கற வீடு' என்றால் 'தி ஹவுஸ் ஐ லிவ்' என்று நிற்கக் கூடாது, 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்று முடிய வேண்டும். 'தறி ஓட்டற ஷெட்' என்றால் 'தி ஷெட் வி ரன் தி லூம்ஸ் இன்'. 'நான் பேசின ஆபீசர்' என்றால் 'தி ஆபீசர் ஐ ஸ்போக் டு'. இதற்கு மனப்பாடம் வேண்டாம். குட்டி வாக்கியத்தை முதலில் முழுசாகச் சொல்லுங்கள்: ஐ லிவ் இன் தி ஹவுஸ். அதிலிருந்து 'தி ஹவுஸ்' மட்டும் கழன்று முன்னால் போகிறது. 'இன்' அதே இடத்தில் தனியாக நிற்கும். நிற்கட்டும். வாக்கியம் 'இன்'னில் முடிந்தால் அநாதை மாதிரி இருக்கிறதே என்று அதைத் தூக்கிப் போடுவதுதான் தப்பு.

மூன்றாவது இதற்கு நேர் எதிர். போன பெயருக்குப் பதிலாக ஒரு 'இட்' மிச்சம் வைப்பது: "தி பஸ் விச் ஐ மிஸ்ட் இட்". பஸ்ஸைத்தான் முன்னாலேயே சொல்லிவிட்டோமே. 'தி பஸ் ஐ மிஸ்ட்', அவ்வளவுதான். "தி மேன் ஹூ ஹி கேம்" என்பதும் இதே வியாதி.

நான்காவது, வராத பஸ். 'வந்த', 'வர்ற', 'வரும்' என்பவற்றில் காலம் உண்டு. 'வராத' என்பதில் காலமே கிடையாது. நேற்று வராததும் வராத பஸ்தான், எப்போதுமே நம் ஊர்ப்பக்கம் வராததும் வராத பஸ்தான். இங்கிலீஷில் முடிவு செய்தே ஆக வேண்டும். நேற்றைய கதை என்றால் 'தி பஸ் தட் டிட்ன்ட் கம்'. வழக்கமே அப்படி என்றால் 'தி பஸ் தட் டஸ்ன்ட் கம்'. இன்னும் காத்துக்கொண்டு நிற்கிறோம் என்றால் 'தி பஸ் தட் ஹேஸ்ன்ட் கம்'. விக்காத தேங்காய், கட்டாத கரண்ட் பில், பேசாத பங்காளி என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மூன்று காலத்திலும் சொல்லிப் பாருங்கள். பேசாத பங்காளிக்கு மூன்றுமே பொருந்தும்.

ஹூவை எப்போது விடலாம் என்பது சுலபம். பெயருக்கு அடுத்து 'ஐ', 'வி', 'தே' மாதிரி இன்னொரு ஆள் வந்தால் விடலாம்: தி மேன் ஐ மெட். நேரே வினை வந்தால் விடக் கூடாது: தி மேன் ஹூ கேம். 'ஹூம்' என்பதைப் பரிட்சைத் தாளோடு நிறுத்திக்கொள்ளலாம், பேச்சில் பெரும்பாலும் தேவைப்படாது. 'வந்தவங்க', 'சொன்னவரு' மாதிரி பெயரே வினைக்குள் அடங்கிய சொற்களுக்கு இங்கிலீஷில் ஒரு பொம்மைப் பெயரை வைத்தே ஆக வேண்டும்: தி பீப்பிள் ஹூ கேம், தி ஒன் ஹூ செட் இட்.

கமா சமாச்சாரம் நமக்குப் புதிது, தமிழில் அதற்கு அடையாளமே இல்லை. 'திருப்பூர்ல வேலை செய்யற எங்கண்ணன்' என்றால் ஒரே அண்ணனா, பல பேரில் ஒருவரா என்று தெரியாது. இங்கிலீஷில் கமா இல்லாமல் 'மை பிரதர் ஹூ ஒர்க்ஸ் இன் திருப்பூர்' என்றால் வேறு அண்ணன்களும் இருக்கிறார்கள். கமா போட்டு, பேச்சில் சின்னதாக மூச்சு விட்டுச் சொன்னால் ஒரே அண்ணன். உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு எப்போதும் கமா வேண்டும்: தி நொய்யல், விச் ரைசஸ் இன் தி வெள்ளியங்கிரி ஹில்ஸ், ஜாய்ன்ஸ் தி காவேரி. ஈரோடு டர்மரிக், விச் காட் இட்ஸ் ஜி.ஐ. டேக் இன் 2019, இஸ் சோல்ட் பை ஆக்‌ஷன். (ஜி.ஐ. டேக் என்றால் புவிசார் குறியீடு.) இந்தக் கமாவுக்குப் பின்னால் 'தட்' வராது, 'விச்' அல்லது 'ஹூ'தான்.

'ங்கற' என்னும் உரைகல்

"இது நவுன் கிளாஸா, அட்ஜெக்டிவ் கிளாஸா" (முதலில் ரிலேட்டிவ் கிளாஸ் என்று சொன்னதன் பரிட்சைப் பெயர்தான் இது) என்ற கேள்வியில் மார்க் போவது 'தட்' இரண்டு வேலை பார்ப்பதால். தி நியூஸ் தட் ஹி டோல்ட் மீ. தி நியூஸ் தட் ஹி வோன். இரண்டிலும் அதே நியூஸ், அதே தட். இங்கிலீஷ்காரருக்கே உருவத்தில் வித்தியாசம் தெரியாது. நமக்குத் தெரியும். முதலாவது 'அவன் சொன்ன சேதி'. இரண்டாவது 'அவன் ஜெயிச்சான்ங்கற சேதி'. 'ங்கற' வந்தால் நவுன் கிளாஸ், வெறும் பெயரெச்சம் வந்தால் அட்ஜெக்டிவ் கிளாஸ். வழிகாட்டிப் புத்தகங்கள் இதைச் சொல்லாமல் நாலு பக்கம் சுற்றிக் காட்டுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

'ங்கற' போட்டுப் பேசும் பெயர்கள் சிலதான்: சேதி, நம்பிக்கை, பயம், எண்ணம், வதந்தி, உண்மை. இங்கிலீஷிலும் அதே கூட்டம்: நியூஸ், ஹோப், ஃபியர், ஐடியா, ரூமர், ஃபேக்ட். இவற்றின் பின்னால் 'ங்கற' அர்த்தத்தில் 'தட்' மட்டுமே வரும், 'விச்' வரக் கூடாது. "மழை பொய்ச்சுருமோங்கற பயம்" என்றால் 'தி ஃபியர் தட் தி ரெய்ன்ஸ் வில் ஃபெயில்'.

'வென்' என்ற சொல்லுக்கும் இப்படியே தமிழ் வால் உதவும். எப்ப வந்தான்னு தெரியும் என்றால் 'ஐ நோ வென் ஹி கேம்', அது நவுன். வந்த நாள் என்றால் 'தி டே வென் ஹி கேம்', அட்ஜெக்டிவ். வந்தப்போ என்றால் 'வென் ஹி கேம், ஐ வாஸ் அவுட்', அட்வெர்ப். ன்னு, வந்த, ப்போ: வாலைப் பார்த்தே இனம் சொல்லிவிடலாம்.

அடுத்தது 'அது'வில் முடிபவை. "நீங்க சொன்னது சரிங்க" என்பதை "தட் யூ செட் இஸ் கரெக்ட்" என்பார்கள். தப்பு. 'வாட் யூ செட் இஸ் கரெக்ட்'. ஆனால் "நீங்க வந்தது சந்தோசமுங்க" என்றால் வாட் வராது, 'ஐ ஆம் கிளாட் தட் யூ கேம்'. எப்படிப் பிரிப்பது? 'அது' இருக்கும் இடத்தில் ஒரு பேச்சையோ பொருளையோ வைத்துப் பாருங்கள். 'நீங்க சொன்ன பேச்சு சரி' பொருந்துகிறது, ஆகவே வாட். 'அப்பாரு வாங்கினது இந்தக் காளை' என்றால் வாங்கின பொருள் காளை, ஆகவே வாட். 'நீங்க வந்த பேச்சு சந்தோசம்' பொருந்தவில்லை, ஆகவே தட். இன்னொரு விஷயம், தட்டில் தொடங்கும் நீளமான எழுவாயை இங்கிலீஷ் வாக்கியத்தின் தலையில் வைத்தால் கனக்கும். 'அவரு வராதது ஆச்சரியம்' என்பதற்கு 'இட்'டை முன்னால் உட்கார வைத்துச் சுமையைப் பின்னால் தள்ளுங்கள்: இட் இஸ் சர்ப்ரைசிங் தட் ஹி டிட்ன்ட் கம்.

கேள்வியை உள்ளே வைக்கும்போது நடக்கும் தப்பு எல்லோருக்கும் தெரிந்ததே: "ஐ டோன்ட் நோ வேர் டிட் ஹி கோ". தமிழில் 'எங்க போனான்?' என்ற கேள்வியை அப்படியே வைத்து 'ன்னு' ஒட்டிவிடலாம், வரிசை மாறாது. அந்தப் பழக்கம்தான் இங்கிலீஷிலும் கேள்வியை முழுசாகத் தூக்கி உள்ளே வைக்கச் சொல்கிறது. உள்ளே போன கேள்வி கேள்வியாக இருக்கக் கூடாது, செருப்பை வாசலில் விடுவது போல 'டு, டஸ், டிட்'டை வெளியே விட வேண்டும்: ஐ டோன்ட் நோ வேர் ஹி வென்ட். 'இஸ்' இருந்தால் அது எழுவாய்க்குப் பின்னால் போகும். "வாட் இஸ் தி பிரைஸ்" உள்ளே போனால் 'கேன் யூ டெல் மீ வாட் தி பிரைஸ் இஸ்'.

'ன்னு'வுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

'ன்னு' என்றால் 'தட்' என்று ஒரு சமன்பாட்டை யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். "ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் ஆர் யூ கோயிங்" என்ற வாக்கியம் பிறப்பது அதனால்தான். 'ன்னு' நான்கு வேலை பார்க்கிறது. அதற்கு முன்னால் நிற்பதைப் பார்த்தால் எந்த வேலை என்று தெரிந்துவிடும்.

சாதாரணச் செய்தி நின்றால் தட்: 'லோடு வந்துருச்சுன்னு சொன்னாரு', ஹி செட் தட் தி லோட் ஹேட் கம். கேள்விச் சொல் நின்றால் அந்தச் சொல்லே முடிச்சு, தட் வேண்டாம்: 'எங்க போறீங்கன்னு கேட்டாரு', ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங். 'ஆ' நின்றால் இஃப் அல்லது வெதர்: 'மழை பேஞ்சுதான்னு கேட்டாரு', ஹி ஆஸ்க்ட் இஃப் இட் ஹேட் ரெய்ன்ட். ஏவல் நின்றால் டு: 'வாங்கன்னு சொன்னாரு', 'வரச் சொன்னாரு' இரண்டும் ஹி டோல்ட் மீ டு கம். 'வர வேண்டாம்னாரு' என்றால் ஹி டோல்ட் மீ நாட் டு கம், 'நாட்' முன்னால். 'போலாம்னாரு' என்ற யோசனைக்கு மட்டும் டு செல்லாது: ஹி சஜஸ்டட் தட் வி ஷுட் கோ, அல்லது ஹி சஜஸ்டட் கோயிங்.

காலமும் ஆளும் மாறுவது அடுத்த தொல்லை. "நாளைக்கு நான் வர்றேன்னு மாமா சொன்னாரு" என்கிறபோது நாம் மாமாவின் வாய்க்குள் போய் நின்றுகொள்கிறோம். நான், நாளைக்கு, வர்றேன் எல்லாம் அவருடையவை. இங்கிலீஷ் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் நாம் நம் இடத்தில் நின்று அவர் பேச்சைச் சொல்ல வேண்டும். நேரே தாண்டினால் விழுவோம், நடுவில் ஒரு படி வைக்கலாம். செய்தித்தாள் தமிழ்தான் அந்தப் படி: 'மறுநாள் தாம் வருவதாக மாமா சொன்னார்'. 'ஆக' போட்டவுடனே 'நான்' என்பது 'தாம்' ஆகிவிட்டது, 'நாளைக்கு' என்பது 'மறுநாள்' ஆகிவிட்டது. பாதி வேலை தமிழிலேயே முடிந்தது. இனி வினை: வருவதாக என்றால் வுட் கம், வந்ததாக என்றால் ஹேட் கம், இருப்பதாக என்றால் வாஸ். மை அங்கிள் செட் தட் ஹி வுட் கம் தி நெக்ஸ்ட் டே.

பட்டியலில் மனப்பாடமாக வேண்டியவை கொஞ்சம்தான். வில் வுட் ஆகும், கேன் குட் ஆகும், மே மைட் ஆகும், மஸ்ட் ஹேட் டு ஆகும். வுட், ஷுட், மைட் ஏற்கெனவே பின்னால் நிற்பதால் அசையாது. சொன்ன வினை 'செஸ்' என்று நிகழ்காலத்தில் இருந்தால் காலம் மாறாது, ஆள் மட்டும் மாறும். நொய்யல் காவிரியில் சேர்வது போல இன்றும் உண்மையாக இருப்பதை மாற்றாமல் விடலாம். 'டுமாரோ' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு 'தி நெக்ஸ்ட் டே' ஆக்குவதும் பேச்சில் தப்பாகலாம். காலையில் சொன்னதை மத்தியானம் இன்னொருவரிடம் சொன்னால் நாளை இன்னும் நாளையாகத்தான் இருக்கிறது. பரிட்சையில் மாற்றுங்கள், பேச்சில் காலண்டரைப் பாருங்கள். 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்' போன்றவை பரிட்சைக்கு மட்டும். உயிரோடு இருக்கும் மனிதர் யாரும் பேச்சில் அப்படிச் சொல்வதில்லை.

'என்கிட்ட சொன்னாரு' என்பதில் உள்ள 'கிட்ட' ஒரு 'டு'வை இழுத்து வந்துவிடும்: "டோல்ட் டு மீ", "ஆஸ்க்ட் டு மீ". இரண்டும் தப்பு. டோல்ட் மீ, ஆஸ்க்ட் மீ. செட் மட்டும் ஆளை நேரே தொடாது, தொட்டால் 'செட் டு மீ'. எக்ஸ்ப்ளெய்ன்டுக்கும் 'டு' வேண்டும்.

'மழை வருமாம்' என்ற ஒற்றை 'ஆம்' இங்கிலீஷில் ஒட்டாது. தே சே இட்ஸ் கோயிங் டு ரெய்ன், அல்லது ஐ ஹியர் தட். அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) சொன்ன ஊர்ச் செய்தி முழுக்க இந்த 'ஆம்'மில்தான் இருக்கும் என்பதால் பயிற்சிக்கு நல்ல சரக்கு.

தினமும் இருபது நிமிடம்

முதல் வாரம் பெயரெச்சத் துண்டுகள், இரண்டாம் வாரம் 'ங்கற', 'அது', உள்ளே போன கேள்வி. மூன்றாம் வாரத்திலிருந்து போன் பேச்சு. யாரிடமாவது பேசி வைத்தவுடன், அவர் சொன்னதில் ஒரு செய்தி, கேள்விச் சொல் உள்ள ஒரு கேள்வி, ஆமா-இல்லை கேள்வி ஒன்று, ஒரு ஏவல், ஒரு மறுப்பு, ஆக ஐந்தை இங்கிலீஷில் சொல்லிப் போனிலேயே ரெக்கார்டு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள், உடனே கேட்டால் காது நாக்குக்குப் பரிந்து பேசும். தப்பைத் திருத்தும்போது வாக்கியம் முழுவதையும் மாற்றாமல் முடிச்சை மட்டும் தொடுங்கள். கைடுகளில் உள்ள டைரக்ட், இன்டைரக்ட் மாற்றங்களை மட்டும் போட்டுப் பழகியவர்கள் தாளில் தேறிவிட்டு வாயில் திணறுவதற்குக் காரணம், அங்கே தொடக்கமே இங்கிலீஷில் இருப்பதுதான். வாழ்க்கையில் கேட்கிற பேச்சு தமிழில் அல்லவா வருகிறது.

அடுக்கு முடிச்சுக்கு வந்துவிட்டால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. "வர மாட்டேன்னு சொன்னாருன்னு சொல்லிப்போடு." இங்கிலீஷில்: டெல் தெம் ஹி செட் ஹி வுட்ன்ட் கம். தமிழில் வருவது, சொன்னது, சொல்லு என்று போனது, அங்கே சொல்லு, சொன்னது, வருவது என்று கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கிறது. கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி விரலை நகர்த்திக்கொண்டே சொன்னால் தானாக வரும். அப்படியே முதலில் சொன்ன மண்டி வாக்கியத்துக்குப் போகலாம். விரல் 'கேட்டாரு' மேல் தொடங்க வேண்டும்: தி ஓனர் ஆஸ்க்ட் வாட் பிரைஸ் தி லோட் தட் ஹேட் கம் தி டே பிஃபோர் ஹேட் ஃபெச்ட். கடைசி 'ஹேட் ஃபெச்ட்' விடுபட்டால், மேலே சொன்ன முதல் தப்பு. 'தி லோட்' முதல் 'பிஃபோர்' வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, அதன்பின் அதைச் சொல்லுங்கள்.